குளியலறைக்கு எதிரே துணி துவைக்க ஓர் இடம்

1

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையை நான் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. எங்கள் வீட்டுச் சமையலறைக் குழாய் ஒழுகியது. சரிசெய்ய வந்த குழாய்க்காரர் தொட்டிக்கு அடியில் தலையை விட்டுக்கொண்டு, நான் கேட்காமலேயே பேசிக்கொண்டிருந்தார்.

“போன மாசம் ஒரு வீட்டுக்குப் போனேன் சார். வாஷிங் மெஷின் வைக்க இடம் பாக்கணும்னாங்க. சின்ன வீடு. பாத்ரூம் கதவை மாத்தினாத்தான் ஆகும்னு சொன்னேன். அந்த வீட்டுப் பெரியவர் போய்த் தாழ்ப்பாளைப் புடிச்சுக்கிட்டு நின்னுட்டாரு. விடவே இல்ல.”

“அப்புறம்?”

“அப்புறம் என்ன, அந்த ஸ்பேனரை எடுங்க சார்.”

எடுத்துக் கொடுத்தேன். வேலையை முடித்துவிட்டு அவர் போய்விட்டார். பெரியவர் போகவில்லை. தாழ்ப்பாளைப் பிடித்தபடி என் மேசைக்கு எதிரே இரண்டு வாரம் நின்றார். வேறு வழியில்லாமல் எழுத உட்கார்ந்தேன். கீழே வருவதில் அந்தத் தாழ்ப்பாள் மட்டும்தான் நடந்தது. மற்றதெல்லாம் கற்பனை.

(என்றுதான் அப்போது நினைத்தேன்.)

2

அந்த வீட்டில் ஈரத்துணி காயப்போட ஒரு கொடிகூட — இல்லை. இப்படித் தொடங்கினால் துணிதான் கண்ணில் படும், ஆள் படமாட்டார்.

பெரியவருக்கு எழுபத்து நான்கு வயது. முதுமை என்பது ஒரு — வேண்டாம். இந்த வாக்கியம் எங்கே போய் நிற்கும் என்று எனக்குத் தெரியும். முதுமையைப் பற்றி நான்கு நல்ல வரிகள் வரும், பெரியவர் வரமாட்டார்.

அளவிலிருந்து தொடங்குகிறேன். சமையலறையைத் தாண்டினால் ஒரு நடை. ஐந்தடி நீளம், நான்கடி அகலம். இடது பக்கம் குளியலறைக் கதவு. வலது பக்கம் ஒரு சன்னல், சன்னலுக்குக் கீழே ஒரு நாற்காலி. நாற்காலியில் பெரியவர். பேருந்து நிலையத்தில் முப்பது வருடம் டைம் கீப்பராக இருந்தவர். எந்த வண்டி எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை மணிக்குக் கிளம்பியது என்று எழுதுவதுதான் வேலை. ஓய்வு பெற்ற பிறகும் சன்னல் வழியாகத் தெருமுனை நிறுத்தத்தைப் பார்த்துக்கொண்டு, “ஒம்பது நிமிஷம் லேட்டு. கேக்க ஆளில்ல” என்பார். வீட்டில் யாரிடமும் அல்ல, வண்டியிடம்.

மருமகள் ஒரு பல் லேபில் வேலை பார்க்கிறாள். மருத்துவர்கள் அனுப்பும் அச்சை வைத்துப் பல் செட் செய்து தரும் இடம். பெரியவர் வாயில் இருப்பதும் அவள் செய்ததுதான். மாட்டிய முதல் நாளே, “பேச்சு நசுங்குதும்மா” என்றார். ஒரு வாரம் உட்கார்ந்து அங்கே கொஞ்சம் இங்கே கொஞ்சம் என்று தேய்த்துக் கொடுத்தாள். பல்லைக் கழற்றி அவள் உள்ளங்கையில் வைக்க அவர் கூச்சப்பட்டதில்லை. அது அவளுடைய வேலை.

மகன் கப்பலில் வேலை பார்க்கிறான். எட்டு மாதத்துக்கு ஒருமுறை வருவான்.

3

ஒரு நாள் லேபில் மின்சாரம் போய்விட்டது. பதினோரு மணிக்கே எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மருமகள் வந்தபோது நாற்காலி காலியாக இருந்தது. குளியலறை உள்ளே தாழிட்டிருந்தது. தண்ணீர்ச் சத்தம் இல்லை.

“மாமா, உள்ள இருக்கீங்களா?”

“இருக்கேன்.”

“என்ன பண்றீங்க?”

“பாத்ரூம்ல என்ன பண்ணுவாங்க?”

சிரித்துவிட்டு அடுப்பங்கரைக்குப் போனாள். கால் மணி நேரம் கழித்தும் கதவு திறக்கவில்லை. மறுபடியும் போய் நின்றாள். இந்த முறை அவரே பேசினார்.

“எந்திரிக்க முடியல.”

தாழ்ப்பாள் எட்டவில்லை. குவளையின் கைப்பிடியால் அதைத் தள்ளித் தள்ளித் திறக்க அவருக்கு வெகுநேரம் ஆயிற்று. கதவு வெளிப்பக்கம் திறக்கும் கதவு, அதனால் தப்பித்தார்கள். தரையில் உட்கார்ந்திருந்தார். முழங்கை வரை சோப்பு நுரை. இரண்டு கால்களுக்கும் நடுவே பாதி பிழிந்த படுக்கை விரிப்பு. வாளிக்குள் வேட்டி.

அவருடைய படுக்கையில் எப்போதும் ஒரே விரிப்பு இருப்பது ஏன், சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் அவர் தண்ணீர் குடிக்காதது ஏன் என்று அவளுக்கு அந்த நொடியில் விளங்கிவிட்டது.

“எத்தனை நாளா மாமா?”

“அஞ்சு மாசம், பதினொரு நாள்.”

வண்டி கிளம்பிய நேரத்தைச் சொல்வதுபோலச் சொன்னார்.

“என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் துவைச்சுப் போட்டிருக்க மாட்டேனா?”

“துவைப்பம்மா. அது எனக்குத் தெரியாதா? நீ தெரிஞ்சுக்கக் கூடாதுன்னுதான்.”

அவள் பின்பக்கமாகப் போய் அவருடைய அக்குளில் கையைக் கொடுத்துத் தூக்கினாள். நுரையில் இருவருக்கும் கால் வழுக்கியது. மூன்றாவது முறைதான் நிற்கவைக்க முடிந்தது. மாற்று வேட்டியை நீட்டிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்தாள். அவருடைய நாற்காலியில் உட்கார்ந்தாள். இந்த நான்கடி அகலத்தில் ஒரு மெஷின் நிற்குமா என்று அப்போதுதான் கண்ணால் அளந்து பார்த்தாள்.

[இந்த இடத்தில் வாடையைப் பற்றி ஒரு பத்தி இருந்தது. நன்றாகவே வந்திருந்தது. எடுத்துவிட்டேன். அந்த மனிதர் ஐந்து மாதம் தேய்த்துத் தேய்த்துப் போக்கியதை நான் எதற்கு உங்கள் மூக்குக்குக் கொண்டுவர வேண்டும்?]

4

இதுவரை எழுதியதை என் அக்காவுக்கு அனுப்பினேன். அவள் கதை படிக்கிறவள் அல்ல. ஆனால் துவைத்தவள். படித்துவிட்டுக் கூப்பிட்டாள்.

“நல்லாத்தான் இருக்கு. அவனை ஏன்டா கப்பல்ல ஏத்திவிட்ட?”

“யாரை?”

“மகனை.”

“கதைக்கு அவன் தேவைப்படலக்கா.”

“தேவைப்பட மாட்டான்தான்,” என்றாள். “அம்மா படுத்த படுக்கையா இருந்தப்ப நீ எந்தக் கப்பல்ல இருந்த?”

நான் பக்கத்து அறையில் இருந்தேன். ஒரு புத்தகம் எழுதிக்கொண்டிருந்தேன். அம்மா நான்கு மாதம் படுத்திருந்தாள். ஒரு நாளைக்கு மூன்று முறை அக்கா கையால் துவைத்தாள். புத்தகம் வெளிவந்தது. முதல் பக்கத்தில் ‘அம்மாவுக்கு’ என்று போட்டிருக்கிறேன்.

“அப்புறம் அந்தப் பொண்ணு,” என்றாள் அக்கா. “அவளுக்குக் கோவமே வராதா? எனக்கு வந்துச்சுடா. ஒரு நாள் வாளியை எட்டி உதைச்சிருக்கேன். அம்மா உள்ளேருந்து கேட்டா, என்ன விழுந்துச்சுன்னு. பூனைன்னு சொன்னேன். அதையும் எழுது.”

எழுதிவிட்டேன்.

5

ஆகவே, கப்பல் கிடையாது. மன்னித்துக்கொள்ளுங்கள், இரண்டாம் பகுதியில் அந்த ஒரு வரியை அடித்துவிட்டுப் படியுங்கள்.

மகன் இந்த ஊரிலேயே இருக்கிறான். லிஃப்ட் மெக்கானிக். மாடிக்கும் மாடிக்கும் நடுவே சிக்கிக்கொண்டவர்களிடம் வெளியிலிருந்து, “பயப்படாதீங்க, நான் இங்கதான் இருக்கேன்” என்று சொல்லிக்கொண்டே வேலை செய்பவன். அதில் நல்ல பெயர் எடுத்தவன். அப்பாவின் அறைக்கும் அவன் படுக்கும் அறைக்கும் நடுவே ஒற்றைச் செங்கல் சுவர். காலையில் கிளம்பும்போது அப்பா அறையின் சன்னலைத் திறந்துவிட்டுப் போவான். ஐந்து மாதமாக அவன் செய்தது அது ஒன்றுதான்.

அன்று சாயங்காலம் அவனுக்குச் சாப்பாடு போட்டுக்கொண்டே மருமகள் நடந்ததைச் சொன்னாள். அவன் தலை நிமிரவில்லை.

“மெஷின் ஒண்ணு வாங்கிடலாம்,” என்றான்.

“நானும் அதைத்தான் நினைச்சேன். ஆனா மெஷினா போய் அவர் படுக்கையிலேருந்து துணியை உருவும்?”

அவன் தட்டிலேயே கோடு போட்டுக்கொண்டிருந்தான்.

“உங்களுக்கு முன்னாடியே தெரியும், இல்ல?”

அவன் தண்ணீர்ச் செம்பை எடுத்துக் குடித்தான்.

“சுவத்துக்கு அந்தப் பக்கம் படுத்துக்கிட்டு அஞ்சு மாசமா நீங்க —” அவளால் முடிக்க முடியவில்லை. கையிலிருந்த கரண்டியைத் தொட்டிக்குள் எறிந்தாள். சத்தம் வீடு முழுக்கக் கேட்டது.

“அவர்கிட்ட போய் நான் என்னன்னு பேசறது? அவர் என் அப்பா.”

“அதனாலதான் கேக்கறேன்.”

நடையில் நாற்காலி நகரும் ஓசை கேட்டது. இருவரும் வாயை மூடிக்கொண்டார்கள்.

6

அடுத்த ஞாயிற்றுக்கிழமை குழாய்க்காரர் வந்தார். நடையைச் சுற்றுமுற்றும் பார்த்தார். சுவரைத் தட்டிப் பார்த்தார்.

“தண்ணி, பாத்ரூம் லைன்லேருந்து சுவத்தைக் குடைஞ்சு எடுத்துக்கலாம். அழுக்குத் தண்ணியைத் தரையோட கொண்டுபோய் பாத்ரூம்லயே விட்டுடலாம். பிளக்கை இடுப்புக்கு மேல வைங்க, ஈரம் படக் கூடாது. மெஷின் இந்தச் சன்னலுக்குக் கீழ நிக்கும். எல்லாம் சரி. இந்தக் கதவுதான் இடிக்குது.”

மெஷின் இரண்டடி எடுத்துக்கொண்டால் நடையில் மிச்சம் இரண்டடி. கதவோ இரண்டேகால் அடி. பாதி திறந்ததும் மெஷினில் போய் முட்டும்.

“உள்பக்கம் தொறக்கிற மாதிரி மாத்திட்டா?” மகன் கேட்டான்.

“வேணாம் சார். உள்ள யாராவது விழுந்துகிடந்தா கதவைத் தொறக்கவே முடியாது.”

யாரும் பெரியவரைப் பார்க்கவில்லை. எல்லோரும் பார்க்காமல் இருந்ததே அவரைப் பார்த்ததுபோல் ஆகிவிட்டது.

“மடக்குக் கதவு போட்டுக்கலாம். பிளாஸ்டிக்ல வருது. என்ன, தாழ்ப்பா அவ்வளவா நிக்காது. கொஞ்சம் தள்ளினா தொறந்துக்கும்.”

அப்போதுதான் பெரியவர் எழுந்தார். இரண்டு எட்டு வைத்துத் தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டார்.

“எனக்கு மெஷின் வேணாம்.”

“அப்பா, உங்களுக்காகன்னு யார் சொன்னா? வீட்டுக்குத்தானே —”

“யாருக்குன்னு எல்லாருக்கும் தெரியும். நான் கையாலயே பாத்துக்கறேன். கதவுல தாழ்ப்பா இருக்கணும். அவ்வளவுதான்.”

மகன் கையிலிருந்த அளவு நாடா சர்ரென்று உள்ளே சுருண்டுகொண்டது. குழாய்க்காரர் தன் பையைத் திறந்து எதையோ தேடினார். தேட ஒன்றுமில்லை என்று நினைக்கிறேன்.

(எனக்குக் கிடைத்த கதை இவ்வளவுதான். இதற்கு மேல் அவருக்கு ஸ்பேனர் வேண்டியிருந்தது.)

மருமகள் சமையலறைப் பக்கம் திரும்பி நின்றிருந்தாள். எதிரே பாத்திர அலமாரி. அதையே வெறித்துக்கொண்டிருந்தவள் திரும்பி, “அண்ணே, இந்தக் கதவை ரெண்டா அறுத்தா?” என்றாள்.

“ரெண்டாவா?”

“அலமாரிக் கதவு மாதிரி. ஒரு பாதி ஒண்ணேகால் அடிகூட வராது. ரெண்டும் வெளியவே தொறக்கும். நடுவுல தாழ்ப்பா.”

குழாய்க்காரர் வாயை மூடிக்கொண்டு கணக்குப் போட்டார். “தச்சர் ஒருத்தரைக் கூட்டிட்டு வரணும்,” என்றார். அது சம்மதம்.

தச்சர் வந்து கதவை அறுத்த அன்று, மருமகள் புதுத் தாழ்ப்பாளை மாமனார் கையிலேயே கொடுத்தாள்.

“மாமா, இதுல வெளிப்பக்கம் ஒரு காடி இருக்கு, பாத்தீங்களா? ஒரு நாணயத்தை வச்சுத் திருப்பினா வெளியிலேருந்தும் தொறக்கும். நாங்க தொறக்க மாட்டோம். ஆனா தொறக்கும்.”

சொல்லாமலே மாட்டியிருக்கலாம். முந்தைய வரைவில் அப்படித்தான் மாட்டினாள்; அந்த வரைவில் அவளை எனக்குப் பிடிக்கவில்லை.

பெரியவர் காடியை நகத்தால் தடவிப் பார்த்தார்.

“என் பேரைச் சொல்லி ரெண்டு தடவை கூப்பிடணும். அதுக்கப்புறம் தொறக்கலாம்.”

“மாமான்னுதானே கூப்பிட முடியும்?”

“சரி, அப்படியே கூப்பிடு.”

7

மெஷின் வந்தது. சன்னலின் கீழ்ப்பாதியை மறைத்துக்கொண்டு நின்றது. கூரையை ஒட்டி இரண்டு கம்பிகள்; கயிற்றை இழுத்தால் கீழே இறங்கும், துணியைப் போட்டு ஏற்றிவிடலாம். மூலையில் மூடி போட்ட ஒரு கூடை. அதில் யார் எதைப் போட்டார்கள் என்று யாரும் கேட்பதில்லை என்பது பேசாமலே செய்துகொண்ட ஏற்பாடு.

நாற்காலி முன்னறைக்குப் போனது. அங்கிருந்து பேருந்து தெரியாது. இதற்கு ஒரு வழி கண்டுபிடித்துவிடலாம் என்று நானும் பார்த்தேன். கிடைக்கவில்லை. சின்ன வீட்டில் ஒன்று உள்ளே வந்தால் ஒன்று வெளியே போகத்தான் வேண்டும். பெரியவர் குறைபட்டுக்கொள்ளவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அவர் நேரத்தைச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

ஒன்றை மட்டும் யாரும் யோசிக்கவில்லை. மெஷினின் வாய் கீழே இருக்கிறது. பெரியவரால் இப்போது குனியவோ தரையில் உட்கார்ந்து எழவோ முடியாது. கூடையில் போடுவது வரைதான் அவரால் ஆகும். அதற்கு மேல் ஒருவர் குனிய வேண்டும்.

8

மருமகள் குனிந்தாள் என்று முதலில் முடித்தேன். அக்காவுக்கு அனுப்பவில்லை. அவள் என்ன சொல்வாள் என்று தெரியும்.

பெரியவரே ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து துணியை உள்ளே தள்ளினார் என்று இரண்டாவது. பலருக்குப் பிடித்திருக்கும். எனக்கே கொஞ்சம் கண் கலங்கியது. அதனால்தான் அதை நம்பவில்லை.

மூன்றாவது இது. திங்கட்கிழமை காலை. மருமகள் லேபுக்குப் போய்விட்டாள். மகனுக்கு விடுமுறை. பெரியவர் குளித்துக்கொண்டிருக்கிறார், இரண்டு கதவும் சாத்தி, நடுவே தாழ்ப்பாள். மகன் தண்ணீர் குடிக்க வருகிறான். கூடையின் மூடி சரியாக மூடவில்லை. விரிப்பின் ஒரு முனை வெளியே தொங்குகிறது. ஈரமாக.

அவன் நடைக்குள் ஓரடி வைக்கிறான். உள்ளே தண்ணீர் ஊற்றும் சத்தம் நிற்கிறது.

“யாரும்மா, நீயா?”

இந்த இடம் எனக்குத் தெரியும். அம்மா இப்படித்தான் கேட்டாள். அக்கா கடைக்குப் போயிருந்தாள், துணி வாளியில் கிடந்தது, நான் வாசற்படியில் நின்றிருந்தேன். அம்மாவுக்குக் கண் சரியாகத் தெரியாது. “யாரு, நீயா?” என்று அக்காவின் பெயரைச் சொல்லிக் கேட்டாள். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, ஓசைப்படாமல் வெளியே போய்விட்டேன்.

அதனால் இதற்கு மேல் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாது. பார்த்திராததை எத்தனையோ எழுதியிருக்கிறேன். இதை எழுத வரவில்லை.

அவன் இன்னும் நடையில்தான் நிற்கிறான். உள்ளே பெரியவர் இரண்டாவது முறையாகக் கேட்டுவிட்டார். உங்கள் வீட்டில் யாராவது பதில் சொல்லியிருந்தால், அது என்ன வார்த்தை என்று அவனுக்குச் சொல்லுங்கள்.