இடது தோளுக்கு மாற்றிய துப்பாக்கி

நான்காவது நாளாக ஓன்னி துப்பாக்கியைச் சமையலறை மேசைமேல் பிரித்துப் போட்டிருந்தார். பழைய துண்டை விரித்து, குழல், தோட்டாவைத் தள்ளும் போல்ட், சுருள்வில், திருகுகள் என்று கழற்றிய வரிசையிலேயே அடுக்கியிருந்தார். கண்ணால் தேடாமல் கை போனால் அகப்பட வேண்டும், அதற்குத்தான் அந்த வரிசை. ஹில்மா ஏலக்காய் ரொட்டியை அறுத்துக் கணவரின் முழங்கைக்குப் பக்கத்தில் தள்ளினாள். அவர் தொடவில்லை. துப்பாக்கியில் ஒரு கோளாறும் இல்லை என்பது அந்த வீட்டில் அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

போன குளிர்காலத்தில் ஓன்னியின் வலது கண்ணில் நடுப்பார்வை போயிற்று. நாற்பது வருடம் வலது தோளில் வைத்துச் சுட்டவர், இடது தோளுக்கு மாறிக்கொள்கிறேன் என்று கோடை முழுக்க அந்த மேசையிலேயே குடியிருந்தார். ஒருமுறை சுட்டால் அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும் ரகம் அது. வெற்றுக் கூடு வலப்பக்கம் தெறிக்கும். இடது தோளில் வைத்தால் மூக்குக்கு முன்னால் பறக்கும். அதற்கு ஒரு ரப்பர்த் தடுப்பைச் செதுக்கி ஒட்டினார். தவறி வெடிக்காமல் தடுக்கும் பூட்டுப் பொத்தானை மறுபக்கம் திருப்பினார். கன்னம் பதிகிற இடத்தில் பழைய பூட்ஸின் தோலை வெட்டித் தைத்தார். துப்பாக்கியின் மரக்கட்டையில் தன் கன்னம் பட்டுத் தேய்ந்து உண்டான வழவழப்பை உப்புத்தாளால் சுரண்டி எடுத்த அன்று மட்டும் வெளியே போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தார். சுரங்கப் பட்டறையில் முப்பது வருடம் லேத்தில் நின்ற கை அது. ஹில்மாவுக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

இடது கண்ணும் மங்குகிறது என்று டாக்டர் சொன்னபோது அவளும் அதே அறையில்தான் இருந்தாள். வீட்டுக்கு வந்து இருவரும் அதைப் பேசவில்லை. அக்டோபர் கடைசியில் ஒரு மாலை, வாசற்படியில் நின்று ஓன்னி வேலியோரத்தைக் காட்டினார்.

"அங்க பாரு, பெட்டை மான். நல்லாத் தின்னு கொழுத்திருக்கு."

அது பக்கத்துப் பண்ணை இங்கிரிட். பழுப்புக் கோட்டோடு குனிந்து கிழங்கு பிடுங்கிக்கொண்டிருந்தாள். ஹில்மா சொன்னதும் ஓன்னி விழுந்து விழுந்து சிரித்தார். "அவகிட்ட சொல்லிடாதே. கொழுத்திருக்கான்னு சொன்னதுக்கே மண்வெட்டியோட வருவா." ஹில்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

நவம்பர் பதினைந்தில் வேட்டை தொடங்கும். முந்தின சாயங்காலம் ஆறு பேர் காட்டுக் குடிசையில் கூடுவார்கள். ஓன்னியின் தம்பி டாவிதான் அங்கே நாட்டாமை. ஒவ்வொருவரும் நூறு கஜத்தில் மூன்று குண்டு போட்ட காகிதத் தட்டைக் கொண்டுவந்து கதவில் ஆணியடிக்க வேண்டும். மூன்றும் தட்டில் இல்லையென்றால் அந்த வருடம் அவர் அடுப்பைப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். ஓன்னியின் தட்டு இல்லாமல் அந்தக் கதவு இருந்ததே இல்லை.

அந்தத் தட்டுக்காகச் சரளைக்கல் தோண்டிய குழியில் ஓன்னி சுடுவார். முக்காலியில் நிறுத்திய பெரிய தொலைநோக்கியில் பார்த்து ஹில்மா பட்ட இடத்தைச் சொல்வாள். கல்யாணமான வருடத்திலிருந்தே அப்படித்தான். இந்த முறை முதல் நாள் மூன்று குண்டும் ஓர் உள்ளங்கைக்குள் அடங்கின. கறுப்புப் பலகையில் ஆடாமல் நிற்கும் வெள்ளைத் தட்டு அவருக்குத் தெரியாமல் போகுமா? ஆனால் காட்டில் எதுவும் வெள்ளையாக நின்றுகொண்டிருக்காது.

"எங்க பட்டுது?"

"தட்டுல இல்ல. மூணுமே மண்ணுல."

சொன்ன பிறகுதான் சொன்னது அவளுக்கே உறைத்தது. ஓடிப்போய்த் தட்டைக் கழற்றிக் கோட்டுக்குள் செருகிக்கொண்டாள். வேட்டையை இத்தோடு விட்டுவிடுவார் என்று நினைத்தாள். அவரோ துப்பாக்கியில்தான் கோளாறு என்று பிடித்துக்கொண்டார். மறுநாள் துப்பாக்கிமேல் இருந்த சின்னத் தொலைநோக்கியின் திருகுகளை இறுக்கினார். அடுத்த நாள் தோலைப் பிரித்து மறுபடி தைத்தார். ஒவ்வொரு நாளும் குழிக்குப் போனார்கள், ஒவ்வொரு நாளும் அவள் அதையே சொன்னாள்.

"கண்ணு போனா போகுதுன்னு இருந்தேன். கையும் போயிடுச்சு, ஹில்மா," என்றார் இப்போது, சுருள்வில்லை விரலில் உருட்டியபடி. அவளால் அங்கே நிற்க முடியவில்லை. ரொட்டித் தட்டை எடுத்துக்கொண்டு நகர்ந்தாள்.

மத்தியானம் குழியில் மெல்லிய பனி படர்ந்திருந்தது. ஓன்னி மூன்று முறை சுட்டார்.

"எங்க?"

"படல."

அவர் தோட்டாப் பெட்டியை உருவினார். போல்டை இழுத்து, உள்ளே விரலை விட்டுக் காலிதான் என்று பார்த்தார். துப்பாக்கியைப் பெஞ்சில் கிடத்திவிட்டுத் தட்டை நோக்கி நடக்கத் தொடங்கினார்.

"நான் போய்ப் பாக்கறேன், வழுக்கும்!"

"நீ இரு."

தொலைநோக்கியில் அவருடைய முதுகு சிறுத்துக்கொண்டே போயிற்று. தட்டுக்கு முன்னால் நின்று கையுறையைக் கழற்றினார். கட்டைவிரலால் தட்டை மெதுவாகத் தடவினார். விரல் ஓரிடத்தில் உள்ளே போயிற்று. பக்கத்திலேயே இன்னோரிடத்தில். பிறகு மூன்றாவது. அப்படியே வெகுநேரம் நின்றார். ஹில்மா கண்ணை எடுத்துக்கொண்டாள். பார்ப்பது திருட்டுத்தனமாக இருந்தது.

திரும்பி வந்தவர் பெஞ்சில் உட்கார்ந்தார்.

"எத்தனை நாளா?"

"முதல் நாள்லேர்ந்தே."

"எல்லாமே தட்டுலயா?"

"எல்லாமே. உள்ளங்கைக்குள்ள."

அவர் நீளமாக மூச்சுவிட்டார். "அப்போ என் வேலை சரியாத்தான் இருந்திருக்கு."

"உன் வேலையில என்ன குறை, கிழவா?" என்றாள் ஹில்மா. "இங்கிரிட்டை மான்னு சொன்னியே. உன்கிட்ட நேரா சொல்ல எனக்கு வாய் வரல. மன்னிச்சுடு."

திட்டுவார் என்று காத்திருந்தாள். திட்டியிருந்தால் நன்றாயிருக்கும். குழிக்கு மேலே ஏதோ வண்டி போய் ஓய்ந்தது.

"வலது கையை மடக்கு," என்றார்.

"எதுக்கு?"

"மடக்குன்னா மடக்கேன்."

மடக்கினாள். அவர் அவளுடைய முழங்கை மடிப்பில் கட்டைவிரலை ஊன்றி, முன்கையின்மேல் சாண் விரித்தார். ஒரு சாண், அதற்குமேல் நான்கு விரல். அங்கே அவளுடைய ஆள்காட்டி விரலின் முதல் கணு வந்தது.

"கட்டை உனக்கு ஒண்ணரை விரல் நீளம் ஜாஸ்தி. அறுக்கணும். தோல், பொத்தான் எல்லாத்தையும் திரும்ப வலப்பக்கம் மாத்தணும். உன் தட்டு கதவுக்குப் போக ரெண்டு நாள் இருக்கு."

அவள் கையை மடக்கியபடியே வைத்துக்கொண்டாள். ஓன்னி விரலை எடுத்து, அளவு தப்பிவிடக் கூடாதென்று மறுபடியும் முழங்கையிலிருந்து ஆரம்பித்தார். கையுறை போடாத அந்த விரல்கள் சில்லிட்டிருந்தன.