பொதுச்சுவரில் பூத்த உப்பு

2012 நவம்பரில் ஒரு புதன்கிழமை சாயங்காலம் டெல்சியின் வீட்டுக்குள் கடல் வந்தது. அந்தத் தெருவில் வேறு எந்த வீட்டுக்கும் வரவில்லை. குளச்சலுக்குத் தெற்கே, கரையிலிருந்து முக்கால் மைல் உள்ளே, மேட்டில் கட்டிக் கொடுத்த சுனாமி காலனி அது. அலை அங்கே ஏறாது என்று பார்த்துத்தான் இடம் எடுத்திருந்தார்கள். தண்ணீர் வாசல் வழியாக வரவில்லை, புறவாசல் வழியாகவும் வரவில்லை. நடு அறையில் தரைக்கும் கூரைக்குமாக நட்டிருந்த எவர்சில்வர் குழாயைச் சுற்றித் தரை ஈரமானது, கணுக்கால் அளவு ஏறி நின்றது, டெல்சி குழாயை விட்டு இறங்கியதும் வடிந்து போனது. வடிந்த இடத்தில் ஒரு பிடி கருமணலும் ஒரு நெத்திலியும் கிடந்தன. மணலைப் பெருக்கி முற்றத்தில் கொட்டினாள். நெத்திலி பூனைக்குப் போயிற்று.

குழாய் வந்த கதையில் மர்மம் ஒன்றும் கிடையாது. டெல்சியின் கணவன் பெனினுக்கு பஹ்ரைனில் வேலை. அவன் கொடுத்தனுப்பிய போனில் அவள் ஒரு படம் பார்த்தாள். ஏதோ தேசத்தில் ஒரு பெண், ஆபீஸ் விட்டு வீடு திரும்பியவள் போன்ற களைத்த முகம், ஒரு கம்பத்தில் ஏறிச் சுற்றி ஆடினாள். பிறகு கம்பத்தைக் கால்களால் கவ்வித் தலைகீழாகத் தொங்கினாள். தொங்கியபடியே இரண்டு கையாலும் கூந்தலை அவிழ்த்து, நிதானமாக மறுபடி கட்டினாள். டெல்சி அந்த இரண்டு கைகளை மட்டும் ஒரு மாதம் பார்த்துக்கொண்டிருந்தாள். 2004 கிறிஸ்துமஸுக்கு மறுநாள் காலை, மீன் ஏலம் போடும் கொட்டகைக்குப் பக்கத்து மின்கம்பத்தை ஒரு கையால் அணைத்து, மறு கையில் அண்ணன் மகள் ஜெனிலாவைப் பிடித்து நின்றவள் அவள். அண்ணன் ததேயுஸும் மைனி குளோரியும் அன்று கோட்டாற்றுக்குப் போயிருந்தார்கள். மாமிகூட நிற்கிறேன் என்று அடம்பிடித்துத் தங்கிய பிள்ளைக்கு ஆறு வயது. இரண்டாவது அலையில் கம்பத்தைப் பிடித்த கை நின்றது. பிள்ளையைப் பிடித்த கை நிற்கவில்லை. கால்களுக்குக் கம்பத்தைப் பிடிக்கத் தெரிந்திருந்தால் கை இரண்டும் பிள்ளைக்கு இருந்திருக்கும் என்பது அந்தப் படத்தைப் பார்க்கும்வரை அவளுக்குத் தோன்றியதில்லை.

குளோரி அவளை ஏசவில்லை. பேசாமல் ஆனாள், அவ்வளவுதான். காலனி வீடுகளைக் குலுக்கல் போட்டுக் கொடுத்தபோது இருவருக்கும் ஒரே சுவரின் இரண்டு பக்கம் விழுந்தது. சுவர் வழியாக ஒருத்தி தேங்காய் துருவுவது மற்றவளுக்குக் கேட்கும். இருமினால் கேட்கும். வருஷக்கணக்கில் இப்படியே கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

கோட்டாறு இரும்புக்கடையில், படிக்கட்டுக் கைப்பிடிக்கு விற்கிற குழாயில் ஒன்று வாங்கித் தரைக்கும் கூரைக்கும் முறுக்கி நிறுத்தினாள். போனில் பெனின் சிரித்தான். "நடக்கட்டு. விழுந்து நடுவ ஒடிச்சிராத." வீடு மாற்றி வீடு கூடி ஜெபிக்கும் அன்பியக் கூட்டம் அவள் வீட்டுக்கு முறை வந்தபோது, குழாய் எதற்கு என்று கேட்ட பெண்களிடம் கூரையில் விரிசல், முட்டுக்கு என்று சொன்னாள். அவர்கள் நம்பி, நனைந்த குடைகளைக் குழாயில் மாட்டிவிட்டு ஜெபமாலை சொன்னார்கள்.

உடம்பு எளிதில் இணங்கவில்லை. முதல் மாதங்களில் அவள் குழாயைப் பிடித்துத் தொங்கினாள், வேறொன்றும் செய்யவில்லை. தோள் தீயாக எரிந்தது. ஈரத்துணியை முறுக்கிப் பிழிந்து மணிக்கட்டைப் பழக்கினாள். தரையில் முழங்கையூன்றிப் பலகைபோல் கிடந்து வயிற்றை இறுக்கினாள். சுவரோரம் மல்லாந்து படுத்துக் கால்களைச் சுவரில் ஏற்றி இரண்டு பக்கமும் விரியவிட்டு, அவை தம் பாரத்தில் தாமே தாழும்வரை காத்திருந்தாள். காத்திருக்க அவளுக்குத் தெரியும். எண்ணெய் பட்டால் குழாய் வழுக்கும் என்பதால் கைகாலில் தேங்காயெண்ணெய் தொடுவதை விட்டாள். துணி தடுக்கும், தோல்தான் பிடிக்கும் என்று கண்டு, ஊர் புட்பால் கிளப்பின் பழைய நீல நிக்கரைப் போட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள். முழங்காலுக்குப் பின்னால் கத்தரிக்காய் நிறத்தில் கன்றிப்போனது. தண்ணீர்க் குழாயடியில் அடுத்த தெரு எலிசா அதைக் கண்டாள்.

"ஏட்டி, ஒன் மாப்பிள பஹ்ரைன்ல நின்னே அடிக்கானா?"

"சும்ம ஒரு பொழுதுபோக்கு அக்கா."

"நல்ல பொழுதுபோக்கு. எனக்க மாப்பிளைக்கும் அதே பொழுதுபோக்குதான்."

கடலைப் பொறுத்தவரை ஒரு ஒழுங்கு இருந்தது. அவள் ஏறுகிற அளவுக்கு அதுவும் ஏறும், பாதத்துக்கு ஒரு சாண் கீழே நிற்கும். இறங்கினால் இறங்கும். கதவைத் திறந்தாலும் வாசல்படியைத் தாண்டாது. பொதுப்பணித் துறையிலிருந்து ஒருவர் வந்து தரை ஈரத்தைத் தொட்டு நக்கிப் பார்த்து, ஊற்று என்று எழுதிக்கொண்டு போனார். தண்ணீர் நின்ற உயரத்தில் சுவரில் வெள்ளையாக ஒரு உப்புக்கோடு விழும். பழைய கோட்டுக்கு மேல் புதுக்கோடு வந்த நாட்களில் தன் பலம் கூடியிருப்பதை டெல்சி அறிந்தாள். அந்த உப்பு சுவரின் மறுபக்கமும் பூத்தது. அங்கே ஜெனிலாவின் படம் மாட்டியிருந்தது. குளோரி உப்பைத் துடைத்தாள். மறுபடி பூத்ததும் ஆணியைப் பிடுங்கி, படத்தை ஒரு முழம் மேலே மாட்டினாள். சுவரில் ஆணி இறங்கும் சத்தத்தை டெல்சி இந்தப் பக்கம் நின்று கேட்டாள்.

2013 மழைக்காலத்தில் டெல்சிக்குச் சுற்று வந்தது. ஒரு கை மேலே, ஒரு கை கீழே, காலைத் தரையிலிருந்து வீசினால் உடம்பு குழாயைச் சுற்றி இறகுபோல் இறங்கியது. எங்கே பிடிக்க வேண்டும் என்று யோசிப்பதற்கு முன்பே தோல் பிடித்திருந்தது. அவள் வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். மறுபக்கம் ஒரு பாத்திரம் விழுந்து உருண்டு நின்றது. அதற்குப் பிறகு அந்தச் சுவரில் ஒரு சத்தமும் இல்லை. சிரிப்பதற்காக நட்ட குழாய் அல்ல இது என்று டெல்சி தனக்குள் சொல்லிப் பார்த்தாள். ஆனால் மறுநாளும் சுற்ற வேண்டும் என்று உடம்பு கேட்டது. துக்கத்துக்காகத் தொடங்கிய ஒன்று இனிக்கத் தொடங்கினால் அதை என்ன செய்வது என்று கேட்க அவளுக்கு ஆளில்லை. வாரக்கணக்கில் குழாயின் அடியில் வெறுமனே உட்கார்ந்திருந்தாள். அந்த வாரங்களில் கடல் வரவில்லை. பிறகு ஒருநாள் மறுபடி ஏறினாள். சிரிப்பு வந்தபோது பல்லைக் கடித்துக்கொண்டாள்.

தலைகீழ்த் தொங்கல் மட்டும் வரவில்லை. கால்கள் கவ்வும், தலை கீழே போகும், ஆனால் கைகள் குழாயை விடாது. 2014 செப்டம்பரில் ததேயுஸ் வந்து, ஈரத்தரையைப் பார்த்தபடி நின்றான்.

"மக்கா, பிள்ளைக்க போட்டாவ மூணு வாட்டி ஏத்தி மாட்டியாச்சு. இனி மேல எடமில்ல."

"மைனி ஏதாச்சும் சொன்னாவளா?"

"அவ என்னத்தச் சொல்லுவா. சொவரு பக்கம் திரும்பிப் படுக்க மாட்டேங்கா. திங்கக்கிழம கட்டிங் மெசினோட ஆளு வருவான். கொழாய அறுத்துருவோம் மக்கா."

அவள் மறுக்கவில்லை. சனிக்கிழமை தொங்கினாள், கை விடவில்லை. ஞாயிறு இரண்டாம் பூசை முடிந்து வந்து, உள்ளங்கையைத் துடைத்து, கூரை தொடும்வரை ஏறினாள். கால்களைக் குழாயில் பின்னி இறுக்கினாள். தலையைக் கீழே விட்டாள். தண்ணீர் இதுவரை வராத உயரத்துக்கு வந்து, தலைக்கு ஒரு சாண் கீழே அசையாமல் நின்றது. முதலில் இடது கை விட்டது. அது கம்பத்தைப் பிடித்திருந்த கை, அதற்குத்தான் பயம் அதிகம். பிறகு வலது கையும் விட்டது. இரண்டையும் தண்ணீருக்குள் தாழ்த்தினாள். கொஞ்ச நேரம் நீர் மட்டும் இருந்தது. அப்புறம் இரண்டு சின்னக் கைகள் வந்து அவள் விரல்களைப் பிடித்தன.

கன்றிப்போன தோல் மெல்ல வழுக்கியது. தொடை நடுங்கியது. பத்து வருஷத்தில் முதன்முறையாக டெல்சி சுவரைப் பார்த்து, "மைனி!" என்று கத்தினாள்.

குளோரி புறவாசல் வழியாக வந்தாள். மார்பளவு தண்ணீரை விலக்கி நடந்து வந்து, தலைகீழாய்த் தொங்கும் முகத்துக்கு நேரே நின்றாள்.

"எங்க?"

"கீழ மைனி. ரெண்டு கையும் இருக்கு."

குளோரி டெல்சியின் தோளுக்கு அடியில் தன் தோளைக் கொடுத்து முட்டுக்கொடுத்தாள். "தொடைய இறுக்குட்டி. பயப்படாத, நான் தாங்கியிருக்கேன்." பாரம் குறைந்ததும் கால்கள் நின்றன. பிறகு குளோரி தன் வலது கையை நீருக்குள் இறக்கித் துழாவினாள். டெல்சி ஒரு கையை அவளுக்குக் கொடுத்து, ஒன்றைத் தன்னிடம் வைத்துக்கொண்டாள். குளோரி அந்தச் சின்னக் கையை மணிக்கட்டுவரை தடவிப் பார்த்தாள்.

"கிறிஸ்துமஸ் வளையல் போட்டிருக்கா," என்றாள் கடைசியில்.

இழுத்துப் பார்த்தீர்களா என்று எலிசா பிற்பாடு கேட்டாள். இழுக்கவில்லை என்றார்கள். பிள்ளை அதற்கு வரவில்லை. பிடிக்கத்தான் வந்திருந்தது. கோயில் மணி அடித்தபோது கைகள் தாமாக விட்டுப் போயின. தண்ணீர் வழக்கம்போல் வடிந்தது. பெண்கள் இருவரும் மணலைப் பெருக்கினார்கள்.

திங்கட்கிழமை மெஷின்காரன் வந்தான். குளோரி அவனுக்குக் கட்டன்சாயா கொடுத்தாள். "கொழாயத் தொடாண்டாம். இந்தச் சொவர்ல ஒரு வாசல் வெட்டு," என்றாள். ததேயுஸ் அவளைப் பார்த்தான், டெல்சியைப் பார்த்தான், படத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு ஒதுங்கி நின்றான். மத்தியானத்துக்குள் இரண்டு வீடும் ஒன்றாயின.

குளோரிக்கு உடம்பு கனம், வயதும் கூடுதல். தொங்கிப் பழகவே ஒரு வருஷம் ஆனது. 2017-இல் அவளும் கை விட்டாள். அன்றிலிருந்து ஒருத்தி ஏறுவாள், மற்றவள் கீழே நின்று தோள் கொடுப்பாள், மறுநாள் மாறிக்கொள்வார்கள். முன்னும் பின்னும் வெறுமனே சுற்றி ஆடுவதும் உண்டு. அப்போது கேட்கும் சிரிப்பு யாருடையது என்று தெருவுக்கு அடையாளம் தெரியாது. கடல் இப்போது இரண்டு வீட்டளவுக்கு வருகிறது. சாயங்காலமானால் ததேயுஸ் அரிசிச் சாக்கைக் கட்டில்மேல் தூக்கி வைத்துவிட்டு வெளியே போய் உட்காருவான். வடிந்தபின் கிடக்கும் சாளை மீனை எலிசா வந்து பொறுக்கிக்கொள்வாள், ருசி ஒன்றும் மோசமில்லை என்பாள். கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் குளோரியும் டெல்சியும் குளச்சலுக்கு பஸ்ஸில் போய், ஆறு வயதுப் பிள்ளையின் கைக்கு வளையல் வாங்குவார்கள். வருஷம் இத்தனை ஆகிறதே, அளவைக் கூட்ட வேண்டாமா என்று கடைக்காரர் கேட்டதில்லை. நிறம் மட்டும் கேட்பார்.