ஆற்றலரியின் விலாசம்

கல்லூரியில் அவளைச் செடியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். காய்ந்த செடிகளைத் தாளில் தைத்து, எங்கே பறித்தது என்று சீட்டு எழுதி ஒட்டுவது அவள் வேலை. பதினோரு வருடமாகத் தற்காலிகம். நிரந்தரம் என்ற சொல் காதில் விழுந்தாலே கழுத்தை நீட்டிப் பார்ப்பாள், பாவம்.

அந்த ஆசை தெரிந்துதான் அவளுடைய அக்காள் கணவர் வந்தார். அவருடைய முதலாளி ஒரு கட்டடக்காரர். ஒரு குளத்தைத் தூர்த்து வீடு கட்டிக்கொண்டே, அங்கே குளமே இருந்ததில்லை என்று சாதிக்கிற பெரிய மனிதர். மறுநாள் விசாரணை. அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்கள் காட்டிய ஒரே சாட்சி, இருபது வருடத்துக்கு முன் அங்கே பறித்து அவள் கல்லூரியில் தாளில் தைத்து வைத்திருந்த ஓர் ஆற்றலரிச் செடி.

"சீட்ட மட்டும் மாத்திடு. எங்க முதலாளி உங்க கல்லூரி நிர்வாகக் குழுவுல இருக்காரு. அடுத்த மாசமே உன் வேலை நிரந்தரம்."

"தப்பில்லையா அத்தான்?"

"உனக்கு வரவேண்டியதுதானே வருது?"

அவள் போய் அந்தச் செடித் தாளை எடுத்தாள். பழைய சீட்டில் நில எண்ணும் 'குளக்கரைச் சேறு' என்ற குறிப்பும் இருந்தன. அதன்மேல் அதே எண்ணோடு 'வறண்ட மேட்டு நிலம்' என்று ஒரு புதுச் சீட்டு எழுதி ஒட்டினாள்.

மறுநாள் விசாரணை அதிகாரி தாளைக் கண்ணருகே வைத்துப் பார்த்தார். "கணுவுக்குக் கணு வேர் விட்டிருக்கே. மேட்டு நிலத்துலயா?"

கட்டடக்காரர் சிரித்தார். "களைதானே சார், கண்ட இடத்துல முளைக்கும்."

களையாம்! தாளைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு ஓரமாக உட்கார்ந்திருந்த செடியக்காவுக்குச் சுருக்கென்றது. எழுந்தே விட்டாள்.

"கண்ட இடத்துல முளைக்காது சார். அரளி மாதிரி நீள இலை, கணுவச் சுத்தி மெல்லிசா உறை, ரோஸ் கலர்ல கதிர்கதிரா பூ. இது ஆத்தலரி. கால் நனைய நின்னாதான் அடிக்கணுவுல இப்படி வேர் விடும். அந்தச் சீட்டு பொய். நேத்து நான்தான் எழுதினேன். அடியில நிஜச் சீட்டு இருக்கு, உரிச்சுப் பாருங்க."

உரித்தார். இருந்தது. அத்தான் மெல்ல வாசல் பக்கம் நழுவினார்.

கொட்டிய மண்ணை அள்ளிக் குளத்தைத் திரும்ப வெட்டித்தர வேண்டும் என்று அங்கேயே உத்தரவாயிற்று. குளம் தூர்ந்ததிலிருந்து மழை பெய்தால் வீட்டுக்குள் முழங்கால் தண்ணீரில் நிற்கும் அக்கம்பக்கத்துப் பெண்கள் தட்டிய கைதட்டல் தெருவரை கேட்டது.

"உங்க வேலை போனாலும் போகும்மா" என்றார் அதிகாரி.

"போனா போகட்டும் சார். பணம் வாங்கினாத்தான் லஞ்சம்னு நெனச்சிட்டிருந்தேன். நமக்கு நியாயமா வரவேண்டியதக் காட்டிப் பொய் எழுத வெச்சாலும் அது லஞ்சம்தான். நம்ம உரிமைய நமக்கே லஞ்சமா நீட்டுறவன் முன்னாடி இனி யாரும் கை நீட்டாதீங்க!"