அன்ஸார் நடந்து பார்த்த மூன்று தெருக்கள்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இந்தக் கதை என்னுடையதல்ல, ஒரு கேசட்டிலிருந்து எடுத்தது. 1981ஆம் ஆண்டு. கிண்ணியாவில் என்னோடு படிப்பித்த ஜெமீலா டீச்சர், பள்ளிக்கூடம் விட்டதும் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்த் தன் வீட்டுக் கதிரையில் இருத்தினார். "உங்கட மணிக்கூட்டப் பாத்து நிமிசத்தக் குறியுங்க டீச்சர்" என்றார். கேசட்டில் ஒரு ஆள் நடந்துகொண்டிருந்தார். ஐந்து நிமிடம், ஆறு நிமிடம், வெறும் நடை. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. திருகோணமலைக்குத் திரும்பும் படகில் நின்றபடியே முதல் வரியை யோசிக்கத் தொடங்கிவிட்டேன்.

2

அந்த முதல் வரி: "ரியாத்தின் பொன்னிற மணல்மேடுகளில் சூரியன் —"

வெட்டிவிட்டேன். ரியாத்தை நான் கண்டதா கேட்டதா? கந்தளாய் தாண்டினாலே பஸ்ஸில் தலைசுற்றுகிற ஆள் நான்.

இரண்டாவது: "துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய அன்ஸார், கடலே இல்லாத ஊரில் கிரேன் ஓட்டப் போய் இரண்டு வருடம் —"

உண்மைதான். ஆனால் இது அவருடைய கதை என்று வாசிப்பவர் நினைத்துவிடுவார்.

மூன்றாவது நின்றது: ஜெமீலாவின் புருஷன் அன்ஸார் தன் வாழ்நாளில் ஒரு வீட்டைக்கூடத் தெரிவுசெய்ததில்லை.

[அடிக்குறிப்பு மாதிரி வைத்துக்கொள்ளுங்கள்: கிண்ணியாவில் வீடு பெண்ணுக்குரியது. பெண் பிறந்தால் வளவும் கிணறும் பார்ப்பது பெண் வீட்டாரின் பாடு. மாப்பிள்ளை உடுப்புப் பெட்டியோடு வந்து ஏறுவார், அவ்வளவுதான்.]

ஆகவே, குடும்பத்தைக் கூப்பிடக் கொம்பனி அனுமதி கொடுத்து, மூன்று பேட்டைகளில் மூன்று வீட்டைக் காட்டி, மூன்று மாதத்துக்குள் ஒன்றைச் சொல் என்றதும் மனிதர் ஆடிப்போனார். ஜெமீலாவுக்குக் கடிதம் போட்டார், நீங்கள்தானே வீட்டுக்காரி, நீங்களே சொல்லுங்கள் என்று. கூடவே அந்த மூன்று பேட்டைகளையும் காட்டி ஒரு படமும் கீறியிருந்தார்.

3

அந்தப் படத்தில் நாங்கள் இரண்டு பேரும் விழுந்த குழியைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. படித்த டீச்சர்மார்! நடுவில் பத்ஹா, கடைகள். அது எங்கள் திருகோணமலை ரவுண் சந்தை. கொஞ்சம் தள்ளி மலஸ், அது உப்புவெளி. ஓரத்தில் நசீம், அது நிலாவெளியாக்கும். ஒரு பின்னேரம் முழுக்கத் திருகோணமலையை ரியாத்தின் மேல் விரித்துச் சந்தோஷப்பட்டோம். மகள் பல்கீஸுக்கு ஒன்பது வயது, மலஸில் பள்ளிக்கூடம் இருக்கிறதாம், நசீமிலிருந்து சைக்கிளில் விடலாம் என்றுகூட முடிவெடுத்தோம்.

பதில் வந்தது. மலஸிலிருந்து நசீமுக்குக் கொம்பனி வானில் போகவே முக்கால் மணித்தியாலமாம். பெண்களுக்குச் சைக்கிளும் இல்லை, வாகனம் ஓட்டவும் ஏலாது. மற்றபடி எத்தனை அறை, என்ன தரை, என்ன குளிர்மெசின் என்று இரண்டு பக்கம். தெருவைப் பற்றி ஒரு சொல் இல்லை. விடிய வேலைக்குப் போய் இருளத் திரும்புகிறவருக்குத் தெரு எதற்கு?

ஜெமீலா அன்று சோறு தின்னவில்லை. பிறகு ஒரே ஒரு கேள்வி எழுதி அனுப்பினார்: "வாசலால இறங்கி நான் தனிய நடந்தா, எத்தின நிமிசத்தில ஒரு பொம்புளைட குரல் கேக்கும்?"

4

அதற்குப் பதில்தான் அந்தக் கேசட். அன்ஸார் ஒரு வெள்ளிக்கிழமை ரெக்கோடரைத் தோளில் கொழுவிக்கொண்டு மூன்று வாசலிலிருந்தும் நடந்திருக்கிறார்.

மலஸ். பதினொரு நிமிடம். கார், கார், கார். கடைசியில் மூச்சு வாங்க, "பள்ளிக்கூடம் வந்திட்டு. வேற ஒருத்தரும் இல்ல."

பத்ஹா. இரண்டே நிமிடத்தில் நம் தமிழும் கேட்கிறது, மலையாளமும் கேட்கிறது. எல்லாம் ஆம்பிளைக் குரல்.

நசீம். காற்று. சப்பாத்தின் கீழ் மணல். ஒன்பதாவது நிமிடம் ஏதோ சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் தன் பிள்ளையை நம் தமிழிலேயே ஏசுகிறாள்: "சோத்த வெச்சிட்டு எங்க ஓடுறா?" அன்ஸார் நின்றுவிடுகிறார். நானும் ஜெமீலாவும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். பிறகு கேசட்டைத் திருப்பித் திருப்பி ஐந்து தரம் கேட்டோம்.

எனக்கு அன்ஸார்மேல் சந்தேகம். (பாத்திரத்தை நம்பாதவள் எப்படிக் கதை எழுதுவது என்று கேட்பீர்கள். நியாயம்தான்.) நசீம்தான் அவருடைய வேலைக்குக் கிட்ட. நடுவில் ரெக்கோடரை நிறுத்தி நிமிடத்தைக் குறைத்திருக்கலாமே? சொன்னேன். ஜெமீலாவுக்குக் கோபம் வரவில்லை. "ஏமாத்திற ஆள் மலஸில பதினொரு நிமிசம் சும்மா நடப்பாரா?" என்றார்.

ஆக, பல்கீஸுக்குப் பள்ளிக்கூடம் மலஸில். ஜெமீலாவுக்குப் பேச்சுத்துணை நசீமில். தந்தி அடிக்க மூன்று நாள்தான் மிச்சம்.

5

நான் எழுதிப் பார்த்த முடிவுகள்:

அ) ஜெமீலா மலஸைச் சொல்கிறார். மகள் படிக்கிறாள். தாய் ஜன்னலோரம் —

ஆ) நசீம். சுவருக்கு அந்தப் பக்கத்துப் பெண் கதவைத் திறந்து —

இ) ஜெமீலா போகவேயில்லை.

மூன்றாவது மட்டும் நாலு பக்கத்துக்கு ஓடியது, தடங்கலே இல்லாமல். ஜெமீலா வாசித்துவிட்டுச் சிரித்தார். "ஏன் டீச்சர், என்னப் போக விடமாட்டீங்களா?"

எழுத்தாளருக்குரிய பதில் ஏதாவது சொல்லியிருக்கலாம். வாயில் வந்தது வேறு. "பள்ளிக்கூடம் விட்டா நான் நடந்து வாற வீடு இது ஒண்டுதான்" என்றேன்.

 அவர் குசினிக்குப் போய் இரண்டு பேருக்கும் சோறு போட்டுக்கொண்டு வந்தார். சாப்பிட்டு முடிந்ததும் தபால் கந்தோருக்குச் சேர்ந்தே போனோம்.  ஜெமீலா தந்திப் படிவத்தை என் பக்கம் தள்ளிப் பேட்டையின் பெயரைச் சொன்னார். நான்தான் எழுதினேன். ஒரே சொல்.

அதை இங்கே எழுத மாட்டேன். எழுதினால் அது நான் கொடுத்த வீடாகிவிடும், வீட்டுக்காரி அவரல்லவா. வேண்டுமானால் உங்களுக்கு ஒரு இடம் விட்டிருக்கிறேன்.

ரியாத், அன்ஸாருக்கு: ____________. ஜெமீலா.

நிரப்ப முன் யாருக்காக நிரப்புகிறீர்கள் என்று ஒரு தரம் யோசித்துக்கொள்ளுங்கள். நான் நாலு பக்கம் எழுதிய பிறகுதான் யோசித்தேன்.