சேட்டைக்கு இங்கிலீஷ்

1908 மார்ச் 13 அன்று, சுதேசித் தலைவர்கள் கைதானதைக் கேட்டு எழுந்த கலவரத்தில், திருநெல்வேலியில் நகராட்சி அலுவலகம் கொளுத்தப்பட்டது. போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் நான்கு பேர் இறந்தார்கள்.

மறுநாள் தச்சநல்லூரில் ஒரு கூட்டம் சாராயக் கடையைக் கோடரியால் பிளந்தது. கடைக்காரனுக்கு மண்டை உடைந்தது. தடுக்க வந்த போலீஸ்காரனுக்குத் தாடை பெயர்ந்தது. வெட்டியவர்கள் ஓடிவிட, வேடிக்கை பார்த்து நின்ற கொம்பையா அகப்பட்டான். காவலில் வாங்கிய மிதியில் அவனுக்கு ஒரு கண் மூடிக்கொண்டது, முன்பல் இரண்டு போயிற்று.

வெள்ளைக்கார மாஜிஸ்திரேட்டுக்கு அவன் பேச்சை இங்கிலீஷில் சொல்ல வந்தவன் தேவதாசன். பாளையங்கோட்டையில் மிஷன் பள்ளி வாத்தியார், கோர்ட்டுக்குப் புதிது.

"கடையை உடைத்தாயா?" மாஜிஸ்திரேட்டின் கேள்வியைத் தேவதாசன் தமிழில் கேட்டான்.

"இல்லய்யா. நான் ஒண்ணையும் தொடல. கூட்டத்தோட நின்னு சேட்டை பண்ணினேன், அம்புட்டுதான்."

தேவதாசன் யோசித்தான். கூட்டம் கூடிச் செய்தால் 'ரயட்' என்பார்கள். தெருவில் செய்தால் 'நியூசன்ஸ்'. சமையல்காரன் எதிர்த்துப் பேசினால் 'ட்ரபிள்'. ஆனால் பிள்ளைகள் செய்வதற்கு ஒரு சொல் உண்டு; அவனுக்குப் பாடம் சொன்ன வெள்ளைக்காரத் துரைசானி அதைச் சிரித்துக்கொண்டேதான் சொல்லுவாள். இவனைக் காப்பாற்ற அதுதான் சரி என்று பட்டது.

"ஒன்லி மிஸ்சீஃப், சார்."

மாஜிஸ்திரேட் நிமிர்ந்து பார்த்தார். "பிறர் சொத்தை நாசம் செய்ததாக ஒப்புக்கொள்கிறான்" என்று சொல்லிக்கொண்டே எழுதினார். சட்டத்தில் அந்தச் சொல்லுக்கு அதுதான் பொருள் என்பது தேவதாசனுக்கு அப்போதுதான் தெரிந்தது.

"சார், பிள்ளைகள் செய்கிற மிஸ்சீஃப்..."

"கோடரி பிடிக்கிற பிள்ளையா?"

குமாஸ்தாக்கள் சிரித்தார்கள். இரண்டு வருடம் என்று தீர்ப்பானது.

தேவதாசன் வாசலுக்கு வந்தபோது ஒரு கல் பறந்து வந்து அவன் நெற்றியைப் பிளந்தது. எறிந்தவள் கொம்பையாவின் மனைவி இசக்கித்தாய்.

"ஏலே வாத்தி! சேட்டை பண்ணினதுக்கு ரெண்டு வருசமா? எம் புருசன் வாயில என்னத்தலே திணிச்ச?"

போலீஸ்காரன் அவள் கொண்டையைப் பிடித்து இழுத்து முட்டியால் வயிற்றில் குத்தினான். அவள் சுருண்டு விழுந்தாள். சத்தம் கேட்டு மாஜிஸ்திரேட் வெளியே வந்தார்.

"இவள் என்ன செய்தாள்?"

ரத்தம் வழிந்து தேவதாசனின் வாய்க்குள் இறங்கியது. வாய்வரை வந்த சொல் ஒவ்வொன்றையும் விழுங்கினான்.

"நத்திங், சார். நான்தான் தூணில் மோதிக்கொண்டேன்."

இசக்கித்தாயை விட்டுவிட்டார்கள். கொம்பையாவை அன்று மாலை விலங்கிட்டுச் சிறைக்குக் கொண்டுபோனார்கள்.