தாழ்மைக்கு ஏழு மார்க்

தாழ்மைக்கு எவ்வளவு மார்க் போட்டுக்கொள்வது என்ற இடத்தில்தான் பூன்ஹி முக்கால் மணி நேரமாக முட்டிக்கொண்டு நின்றாள்.

பத்துக்குப் பத்து போட்டால் தாழ்மையே இல்லை என்று ஆகிவிடும். நாலு போட்டால், போதகர் அதை உண்மை என்று நம்பிவிடக்கூடும். ஒன்பது எழுதினாள், அடித்தாள். எட்டு எழுதினாள், அதையும் அடித்தாள். கடைசியில் ஏழில் வந்து நின்றாள். ஏழு பார்ப்பதற்கு அடக்கமாக இருந்தது. வேதத்திலும் நல்ல எண்.

சபைக்குப் புதிதாக வந்திருந்த குக் என்ற போதகரின் வேலை இது. 'முதிர்ந்த விசுவாசியின் பன்னிரண்டு அடையாளங்கள்' என்று ஒரு தாள் அச்சடித்து, சபைத் தேர்தலில் நிற்கிறவர்கள் தங்களுக்குத் தாங்களே மார்க் போட்டு வர வேண்டும் என்று சொல்லிவிட்டார். பொறுமை, மன்னிக்கும் மனம், நாவடக்கம் என்று வரிசையாக இருந்தது.

பூன்ஹியின் புருஷன் சாங்கு, குன்சான் துறைமுகத்தில் படகு எஞ்சின் ரிப்பேர் செய்கிறவர். கிறிஸ்துமஸுக்கு மட்டும், அதுவும் சாப்பாட்டுக்காகச் சபைக்குப் போகிறவர். தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

"நாவடக்கம் எட்டா? யாரு நாக்கைச் சொல்றே?"

"உங்க நாக்கைக் கேட்டிருந்தா மைனஸ்ல போட்டிருப்பேன். போய்த் தூங்குங்க."

அந்தச் சபையில் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. பட்டத்தைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். நாற்பதைத் தாண்டி, ஞாயிறு தவறாமல் வருகிற எந்தப் பெண்ணும் 'சிப்சா'. அதற்கு மேலே 'க்வோன்சா'. அது சும்மா கிடைக்காது. சபையார் வோட்டுப் போட்டு, மூன்றில் இரண்டு பங்கு விழ வேண்டும். அறுபத்தொரு வயதிலும் 'சிப்சா அம்மா' என்று கூப்பிடப்படுவது, தலை நரைத்த பிறகும் ஐந்தாம் வகுப்பு பெஞ்சிலேயே உட்கார்ந்திருப்பது மாதிரி. பூன்ஹி இரண்டு முறை நின்று இரண்டு முறையும் தோற்றவள். தன்னைவிடச் சின்னவர்கள் எல்லாம் க்வோன்சா ஆகி, அவளைப் பார்த்துப் பரிவாகச் சிரிக்க ஆரம்பித்திருந்தார்கள். அந்தச் சிரிப்பைத்தான் தாங்க முடியவில்லை.

இந்த முறை ஒரே ஓர் இடம். எதிரே நிற்பது மா யோங்சிம். பூன்ஹியைவிட நாலு வயது சின்னவள், சபைச் சமையலறையின் தலைவி. ஞாயிறு மதியம் தொண்ணூற்றாறு பேருக்கும் அவள் கைச் சாப்பாடுதான். அவளுடைய கடற்பாசி சூப்புக்காகவே இரண்டு மாடி ஏறி வருகிறவர்கள் உண்டு. வயிற்றின் வழியாக வருகிற வோட்டை எதைக் கொண்டு மடக்குவது?

ஜெபத்தைக் கொண்டுதான். பூன்ஹி நாற்பது நாள் விடியற்காலை ஜெபத்துக்குப் பொருத்தனை பண்ணிக்கொண்டாள். தினமும் ஐந்து மணிக்கு, எல்லார் கண்ணிலும் படும்படி, முதல் வரிசையில்.

அந்தச் சபை இருந்த கட்டடத்தில் கீழே மீன் ஓட்டல், நடுவில் பில்லியர்ட்ஸ் கூடம், மேலே ஆண்டவர். விடியற்காலையில் அந்தத் தெருவே மேல்மாடியிலிருந்து வரும் சத்தத்தில்தான் கண் விழிக்கும். போதகர் கையைத் தூக்கியதும், "ஆண்டவரே!" என்று மூன்று முறை எல்லாரும் தொண்டை கிழியக் கூப்பிடுவார்கள். பிறகு ஒவ்வொருவரும் அவரவர் மனதில் இருப்பதை, ஒரே நேரத்தில், உரக்கக் கொட்டுவார்கள். இரைச்சல் என்றால் சாதாரண இரைச்சல் இல்லை. பக்கத்தில் இருப்பவர் என்ன கேட்கிறார் என்று ஆண்டவருக்குத்தான் தெரியும். போதகர் மேஜை மணியைத் தட்டினால், குழாயை மூடியது போல எல்லாம் நிற்கும்.

ஊரில் பூன்ஹி மனம்விட்டுப் பேசக்கூடிய ஒரே இடம் அந்த இரைச்சல்தான். வீட்டில் பேசினால் சாங்கு கேட்பார். கடையில் பேசினால் ஊர் கேட்கும். இங்கே ஆண்டவர் மட்டும்.

தேர்தலுக்கு முந்தைய வெள்ளிக்கிழமை. அவளுக்குப் பக்கத்தில் போங் மூப்பர். அவர் ஜெபிக்க ஆரம்பித்தால் கப்பல் சங்கு ஊதுவது போல இருக்கும். முந்தின நாள் முழுக்கப் பூன்ஹிக்குக் காது 'ங்ங்' என்று இரைந்தது. ஆகவே அன்று இரண்டு காதிலும் பஞ்சைத் திணித்துக்கொண்டு வந்திருந்தாள். கண்ணை மூடினாள். ஆரம்பித்தாள்.

குக் போதகர் மணியைத் தட்டினார். இருபத்திரண்டு பேர் வாயை மூடினார்கள். பூன்ஹி மூடவில்லை.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. மணி அடித்த பிறகும் ஒருவர் ஜெபித்துக்கொண்டே போனால், ஆவியானவர் அவரைப் பிடித்திருக்கிறார் என்று அர்த்தம். தொடக் கூடாது, தடுக்கக் கூடாது. எல்லாரும் தலையைக் குனிந்து, பயபக்தியோடு காது கொடுத்தார்கள்.

"...அந்த யோங்சிம் இருக்காளே ஆண்டவரே, மூணு மணி நேரம் நெத்திலியைக் கொதிக்க வச்ச சூப்புன்னு வாய் கூசாம சொல்றா. எல்லாம் பாக்கெட் பவுடர்! உறையை நான் குப்பைக் கூடையில பார்த்தேன். இந்தச் சனங்க அந்தப் பவுடரைக் குடிச்சுட்டு 'ஆமென்'ங்கறாங்க. ஞாயித்துக்கிழமை அவளுக்கு ஒரு வோட்டு விழக் கூடாது. அவ வோட்டை மட்டும் அவளே போட்டுக்கட்டும். அதுவும் செல்லாத வோட்டாப் போகட்டும். அப்புறம் இந்தப் போதகர் பையனோட பிரசங்கம்... உமக்கே கொட்டாவி வருமே ஆண்டவரே, எப்படித்தான் தாங்கறீர்? தாழ்மைக்கு ஏழு போட்டிருக்கேன். உமக்குத் தெரியும், ரெண்டுகூடத் தேறாது. நாற்பது நாள் வந்தேன், அதுல முப்பத்தெட்டு நாள் இவங்க பார்க்கணும்னுதான் வந்தேன். பார்த்தாங்கதானே? அப்படின்னா இந்தத் தடவையாவது கொடுத்துடும். ஆமென்."

கண்ணைத் திறந்தாள். போதகர் காது மடல் வரை சிவந்து நின்றார். போங் மூப்பர் அவளைவிட்டு ஒரு முழம் தள்ளி உட்கார்ந்திருந்தார். இரண்டாவது வரிசையில் யோங்சிம். பூன்ஹி மெல்லக் காதிலிருந்து பஞ்சை எடுத்தாள். எடுத்த பிறகும் நிசப்தமாகவே இருந்தது.

"நான் செத்தேன்" என்று வீட்டுக்கு வந்து போர்வைக்குள் புகுந்தாள்.

விவரத்தைக் கேட்ட சாங்கு, எஞ்சின் மாதிரி விட்டுவிட்டுச் சிரித்தார். "கொட்டாவின்னா சொன்னே? நாற்பது வருஷத்துல நீ பண்ணின முதல் உருப்படியான ஜெபம் இதுதான்."

பத்து மணிக்கு யோங்சிம் வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றாள்.

"குப்பைக் கூடையைக் கிளறிட்டு வந்துதான் முதல் வரிசையில உட்கார்ந்து கண்ணீர் விடறீங்களாக்கா?"

"கிளறலை. ரெண்டாவது கிண்ணம் சூப் கேட்க வந்தேன். உறை மேலேயே கிடந்தது."

"ரெண்டாவது கிண்ணம்! பவுடர்னு தெரிஞ்சும் ரெண்டாவது கிண்ணம்!"

"நல்லா இருந்தா என்ன பண்றது?"

"தொண்ணூத்தாறு பேருக்கு நெத்திலியைக் கொதிக்க வைக்க எனக்கு ரெண்டு கைதான் இருக்கு. ஒருநாள் வந்து ஒரு கிண்ணம் கழுவியிருப்பீங்களா? ஜெபம் பண்ணி முழங்காலைத் தேய்ப்பீங்க, எழுந்து நேரா பந்தியில வந்து உட்காருவீங்க. இதுல பொறுமைக்கு எவ்வளவு போட்டுக்கிட்டீங்க?"

"ஒன்பது" என்றாள் பூன்ஹி, ஈனக் குரலில்.

"நானும் ஒன்பதுதான் போட்டேன்." யோங்சிம் மூச்சு வாங்கினாள். "சொல்லிடறேன். நானும் ஜெபம் பண்ணினேன். உங்க முழங்கால் பிடிச்சுக்கிட்டு மாடி ஏற முடியாமப் போகணும்னு. ஆனா மணி அடிச்சதும் வாயை மூடிட்டேன்."

"அதான் புதன்கிழமையிலேருந்து வலது கால் இழுக்குதா?"

இரண்டு பேரும் உதட்டைக் கடித்துக்கொண்டார்கள். சிரித்துவிட்டால் சண்டை வீணாகிவிடும். யோங்சிம் திரும்பி, படியில் தடதடவென்று இறங்கிப் போனாள்.

தேர்தலிலிருந்து விலகச் சொல்லி யாராவது வருவார்கள் என்று பூன்ஹி காத்திருந்தாள். மத்தியானம் போங் மூப்பர் வந்தார். கையில் ஒரு பெட்டி பேரிக்காய்.

"சிப்சா அம்மா, உங்க ஜெபத்துல... என் விஷயம் எதுவும் வராமப் பார்த்துக்கிட்டா நல்லது."

"எந்த விஷயம் மூப்பரே?"

"தெரியாதா? அப்ப ஒண்ணுமில்லை." பெட்டியை உள்ளே தள்ளிவிட்டு ஓடினார்.

சாயங்காலத்துக்குள் கருவாடு ஒரு கட்டு, எள்ளெண்ணெய் இரண்டு புட்டி, கழிவறைக் காகிதம் முப்பது சுருள் வந்து சேர்ந்தன. கொண்டு வந்தவர்கள் எல்லாரும், "ஞாயித்துக்கிழமை எங்க வோட்டு உங்களுக்குத்தான்" என்றார்கள். யாரும் அவள் கண்ணைப் பார்க்கவில்லை.

"சபையிலே இவ்வளவு பாவம் இருக்குன்னு தெரிஞ்சிருந்தா நான் எப்பவோ சேர்ந்திருப்பேன்" என்றார் சாங்கு, பேரிக்காயைக் கடித்தபடி.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் வோட்டெடுப்பு. ஜெயிக்க அறுபத்து நாலு வேண்டும். போதகர் முடிவைப் படித்தார்: பூன்ஹிக்கு அறுபத்து மூன்று, யோங்சிம்முக்கு முப்பத்திரண்டு, செல்லாதது ஒன்று.

ஒரே ஒரு வோட்டு குறைச்சல். சபை வழக்கப்படி உடனே இரண்டாம் சுற்று. அதற்கு முன்னால் எல்லாரும் சேர்ந்து உரக்க ஜெபிக்க வேண்டும் என்று சொல்லி, போதகர் கையைத் தூக்கினார்.

"ஆண்டவரே!" மூன்று முறை. பிறகு இரைச்சல் எழுந்தது. எழுந்ததா? பூன்ஹி அரைக்கண் திறந்து பார்த்தாள். எல்லாருடைய வாயும் அசைந்தது, சத்தம் வரவில்லை. கண்ணாடி அதிர ஜெபிக்கிற போங் மூப்பர் கொசு மாதிரி முனகிக்கொண்டிருந்தார். அத்தனை பேர் காதுகளும் அவள் பக்கம் திரும்பியிருந்தன.

அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது, கையில் என்ன இருக்கிறது என்று. சும்மா இருந்தால் போதும். லேசாக இருமினால்கூட இன்னும் பத்து வோட்டு விழும். நாளை முதல் க்வோன்சா அம்மா. பரிவாகச் சிரிக்க ஒருத்தருக்கும் தைரியம் வராது.

வேண்டும் என்று மனசு கத்தியது. 'உமது சித்தம் ஆகட்டும்' என்று ஒரு வரி சொல்லி முடித்துவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தாள். வந்தது வேறு.

"ஆண்டவரே, எனக்கு இந்தப் பட்டம் வேணும். பன்னிரண்டு வருஷமா அதுக்குத்தான் நாக்கைத் தொங்கப் போட்டுட்டு அலையறேன். ஆனா இந்த அறுபத்து மூணு பேரும் என்னைப் பிடிச்சு வோட்டுப் போடலையே. கடிக்கிற நாய்க்கு எலும்பு போடற மாதிரி போட்டிருக்காங்க. பயப்படாத முப்பத்திரண்டு பேர் அவளுக்குப் போட்டிருக்காங்க. எனக்கு ஆசை அந்த முப்பத்திரண்டு மேலதான்." மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "இவங்க ரகசியம் ஒண்ணுகூட எனக்குத் தெரியாது. சத்தியமாத் தெரியாது. போங் மூப்பர் எதுக்குப் பயப்படறார்னுகூடத் தெரியாது. தெரிஞ்சது அந்தப் பவுடர் ஒண்ணுதான். அது எங்க வீட்டு அலமாரியிலயும் ஒன்பது வருஷமா இருக்கு. ஆமென்."

கூடம் முழுக்க ஒரு பெருமூச்சு எழுந்தது, மூட்டையை இறக்கி வைத்தாற்போல. அடுத்த நொடி உண்மையான இரைச்சல் கிளம்பியது. போங் மூப்பர் சங்கை ஊதினார்.

இரண்டாம் சுற்றில் பூன்ஹி தன் பெயருக்கு நேராகத்தான் டிக் அடித்தாள். அதற்கு மேல் போக அவளால் முடியவில்லை.

யோங்சிம்முக்கு அறுபத்தாறு. பூன்ஹிக்கு இருபத்தொன்பது. செல்லாதது மறுபடியும் ஒன்று.

பில்லியர்ட்ஸ் கூடத்துக்கும் சபைக்கும் பொதுவான கழிவறையில் நின்று, தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். பக்திக் கண்ணீர் இல்லை, தோற்றவளின் அழுகை. வெளியே வந்தபோது யோங்சிம், மார்பில் புதுப் பூக்கொத்தோடு, படியில் காத்திருந்தாள்.

"க்வோன்சா அம்மா, வாழ்த்துகள்" என்றாள் பூன்ஹி. அந்தப் பட்டம் தொண்டையில் மீன் முள் மாதிரி குத்தியது.

"நான் இப்பவும் உங்களை அக்கான்னேதான் கூப்பிடுவேன். போங் மூப்பர் வீட்டம்மா உங்களைத் தேடறாங்க. பேரிக்காய்ப் பெட்டியைத் திருப்பிக் கேட்கணுமாம்."

"என் புருஷன் பாதியைத் தின்னுட்டாரே!"

இந்தத் தடவை இரண்டு பேருமே உதட்டைக் கடிக்கவில்லை. சிரித்த சிரிப்பில் பில்லியர்ட்ஸ்காரன் எட்டிப் பார்த்தான்.

மறுநாள் விடியற்காலை நாலரை மணிக்குப் பூன்ஹி கோட்டை மாட்டிக்கொண்டிருந்தாள். சாங்கு போர்வைக்குள்ளிருந்து தலையை நீட்டினார்.

"தேர்தல்தான் முடிஞ்சு போச்சே. இன்னும் யாருக்குக் காட்டணும்?"

"யாருக்கும் இல்லை. ஆண்டவர்கிட்ட ஒரு கேள்வி கேட்கணும். உண்மையைச் சொன்னவளை ஏன் தோற்க வச்சீர்னு."

"பதில் சொல்வாரா?"

"நாற்பது நாளும் அவரைப் பேச விட்டேனா நான்?" காலணிக்குள் காலை நுழைத்துக்கொண்டே சொன்னாள். "இன்னிக்குப் பத்து நிமிஷம் வாயைத் திறக்காம இருந்து பார்க்கப் போறேன்."

"பத்து நிமிஷமா? நீயா?"

"சரி, அஞ்சு" என்றபடி கதவைச் சாத்திக்கொண்டு போனாள்.