கமலநாதனின் கடைசி ஐந்து படங்கள்

2024ஆம் ஆண்டு ஜூன் 9, ஞாயிற்றுக்கிழமை, காலை பதினொரு மணி ஐந்து நிமிடத்துக்கு, கிள்ளானில் எங்கள் வீட்டுக் கூடத்தில், என் தங்கை மாதவியின் பரிசம் பாதியில் நின்றது. மாப்பிள்ளை வீட்டார் ஒன்பது தட்டுகளை வரிசையாக வைத்திருந்தனர். நல்ல நேரம் முடிய இன்னும் நாற்பது நிமிடங்கள் இருந்தன. மூத்தவள் என்ற முறையில் நான் கேட்டேன்:

"மாதவி, குருவைக் கட்டிக்கச் சம்மதமா?"

"இல்ல" என்றாள்.

குருவுக்கு வயது நாற்பத்தாறு. லோரி உதிரிப்பாகங்கள் விற்பவர். அவர் எழுந்து சபையை வணங்கி, தலை நிமிர்ந்தபடி வாசலைக் கடந்து போய்விட்டார். அவருடைய தாய் இராஜம்மா தட்டுகளையும் வாசலையும் மாறி மாறிப் பார்த்தார்.

மாதவியை அறைக்குள் இழுத்துச் சென்றேன். அவள் சிரித்தாள்.

"இப்ப திரும்பி வருவாரு பாருக்கா. கமலநாதன் படத்துல பொண்ணு மூணு தடவ வேணாம்பா. அவன் விடவே மாட்டான்."

பள்ளிப் பிள்ளைகளின் காதலைத் தவிர வேறெதையும் படமாக்காத இயக்குநர் கமலநாதன். மாதவி பதினாறு வயதில் அவர் படங்களைப் பார்க்கத் தொடங்கினாள். இப்போது அவளுக்கு நாற்பத்து நான்கு. வங்கியில் கடன் பிரிவின் தலைவி. அங்கே எவருக்கும் ஒரே முறைதான் 'இல்லை' சொல்வாள்.

பதினொன்றரை ஆயிற்று. குரு வரவில்லை, கைப்பேசியையும் அணைத்துவிட்டார். ஜன்னலருகே நின்றவளின் கண்மை கன்னத்தில் இறங்கியது.

"நெசமாவே போயிட்டாராக்கா?"

இராஜம்மா உள்ளே வந்தார்.

"பிரிக்பீல்ட்ஸ்லதான் நிப்பான் லா. வேணாம்னு சொல்லிட்டா, மொதல்ல பாத்த எடத்துல போயி நிக்கணுமாம். பொண்ணே தேடி வருமாம். அந்தக் கமலநாதன் மட்டும் என் கையில கெடச்சான்னா!"

"அய்யோ, அவருக்குக் கடைசிப் படங்கதான் பிடிக்கும்!" என்றாள் மாதவி.

விளக்கம் கேட்டேன். முதல் நான்கு படங்களில் பையன் திரும்பி வருவானாம்; கடைசி ஐந்தில் பெண் தேடிப் போவாளாம். இவள் முந்தியவற்றைப் பின்பற்றியிருக்கிறாள், அவர் பிந்தியவற்றை.

"நானா போனா மரியாத இல்லக்கா."

"கார்ல ஏறுடி."

பட்டுப்புடவையோடு ஏறினாள். ஒன்பது தட்டுகளும் இராஜம்மாவின் வேனில் பின்தொடர்ந்தன.

பிரிக்பீல்ட்ஸில், இருவரும் முதலில் சந்தித்த பீசாங் கோரெங் கடையோரம், வேட்டி சட்டையில், வெயிலில் நின்றிருந்தார் குரு. வாழைப்பழம் பொரித்துக்கொண்டிருந்த பெண்மணி என்னைப் பார்த்தார்.

"ஆன்டி, உங்க ஆளா? ஒன்னும் வாங்காம வழிய மறைச்சிக்கிட்டு நிக்கிறாரு."

"நீ வருவேன்னு தெரியும்" என்றார் குரு.

"நீங்க வருவீங்கன்னு நான் ஜன்னல்லயே நின்னேன், லூசு!" என்ற மாதவி, என் பக்கம் திரும்பித் தயங்கினாள். "அக்கா, இன்னும் ரெண்டு தடவ வேணாம்னு சொல்லணும்…"

"சொல்லு. லோரியில ஏத்தி செலாயாங் பாசாருக்கு அனுப்பிடுறேன், காய்கறியோட."

"சம்மதம்" என்றாள், குருவைப் பார்த்து.

அங்கேயே நின்று முடிவு செய்தோம். பரிசம் ஜூன் 16, ஞாயிற்றுக்கிழமை, காலை பத்தே முக்காலுக்குக் கிள்ளானில் நடைபெறும். திருமணம் ஆவணியில். பரிசத்தன்று மணமக்களிடம் எந்தக் கேள்வியும் கேட்கப்படாது. இருவரும் முதல் நாளே தங்கள் சம்மதத்தை எழுதிக் கையெழுத்திட்டு என்னிடம் தர வேண்டும்.